ஒரு மூக்குப்பேணியின் படத்தில் என்ன இருக்கிறது? சாதாரணச் சாமான்களின் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நண்பர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் படம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கமரா வேண்டுமென்றில்லை, போன் போதும். வகுப்பில் பாதி நேரம் நாங்கள் படம் பிடிப்பதே இல்லை. அச்சடித்த படங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்க்கிறோம், வாக்குவாதப்படுகிறோம், கரையோர ரயில் போகும்போது மட்டும் வாயை மூடுகிறோம். படங்களில் ஆட்கள் குறைவு. செருப்பு, கதிரை, தும்புத்தடி, பேணி, கேஸ் சிலிண்டர் மாதிரியான சாமான்கள்தான் அதிகம். வருகிற பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பின்வாங்கில் இருந்துவிடுகிற பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. வகுப்பில் எல்லோரும் ஒத்துக்கொண்டவை என்று சொல்லமாட்டேன்.

சாமானின் படத்துக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது? படத்தில் இருக்கிறதா, பார்க்கிறவரின் தலையில் இருக்கிறதா?

நான் எடுத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணி. யன்னல் ஓரம், இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், பின்னால் வெறும் சுவர். தெரியாதவர்களுக்கு: மூக்குப்பேணி என்பது வாயகன்ற சிறிய பாத்திரம், ஒரு பக்கத்தில் கிளிமூக்குப் போல ஒரு வாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து, பேணியின் மூக்கின் வழியாக வாய்க்குள் ஊற்றிக் குடிப்பார்கள். உதடு பேணியில் படாது.

இந்தப் படத்தை ஒரு சனிக்கிழமை மேசையில் வைத்தேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை, "இது சாம்பிராணிச் சட்டியா சேர்?" என்று கேட்டாள். பின்வாங்கில் இருந்த சாவகச்சேரி அன்ரி எழும்பி வந்து படத்தைக் கையில் எடுத்தார். "எங்கட வீட்டிலயும் இருந்தது. ஆர் வந்தாலும் இதிலதான் தேத்தண்ணி" என்றார். படங்களை அச்சடித்துத் தருகிற மருதானைச் சிங்கள நண்பர் அதற்கு முதலே பார்த்திருந்தார். அவர் பேணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இடப்பக்க விளிம்பில் வெளிச்சம் எரிந்துபோய்விட்டது, கொஞ்சம் இருட்டாக்கி அச்சடிக்கட்டுமா என்றுதான் கேட்டார். அதுவும் ஒரு பார்வைதான்.

கடைசியாக, மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "எங்கட ஆக்களுக்கு இதில தந்ததில்லை. என்ர அப்புவுக்குச் சிரட்டையிலதான் ஊத்தினவை" என்றார். மேசையைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. அன்ரி படத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

அவர் சொன்னது கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேங்காய்ச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக்கொடுத்த காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை. சாதி காட்டிப் பொது இடங்களில் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும், தேநீர்க்கடைக்குள் போய் இருந்து குடிப்பதற்கே 1960களில் போராட வேண்டியிருந்தது.

படம் எடுக்கும்போது நான் அம்மம்மாவின் கையை மட்டும்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூக்கு படத்தில் இருக்கிறது. உதடு படக்கூடாது என்ற ஏற்பாடு அந்த மூக்கின் வளைவிலேயே இருக்கிறது. அன்ரி அதை உபசாரமாகப் பார்த்தார், இவர் அதைத் தடையாகப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வளைவைத்தான் பார்த்தார்கள். அதனால் என் பதில்: சாமானின் அர்த்தம் அதன் புழக்கத்தில் இருக்கிறது. யார் கையில் புழங்கியது, யார் கைக்குத் தரப்படவில்லை என்பதில். படம் அந்தப் புழக்கத்தின் அடையாளங்களைப் பிடித்துவைக்கிறது, அதைத் தெரிந்தவர் வந்து வாசிக்கிறார்.

அப்படியென்றால் யார் என்ன சொன்னாலும் சரி என்கிறீர்களா?

இல்லை. ஒரு தம்பி அந்தப் பேணியை வெள்ளி என்றான். மஞ்சள் மினுக்கம் தெரிகிறது, மூக்குக்குக் கீழே பச்சைக் களிம்பும் தெரிகிறது. அது பிழை, முடிந்தது. இன்னொருவர் "தமிழர் பண்பாட்டின் வீழ்ச்சி" என்றார். அதைப் பிழை என்று காட்ட ஏலாது, ஆனால் படத்தில் அதற்கு ஒரு பிடியும் இல்லை. பேணி உடையவில்லை, புழுதி படியவில்லை, மூக்கின் அடியை விட்டால் நேற்றுத்தான் புளி போட்டு மினுக்கியது மாதிரி இருக்கிறது.

நான் வகுப்பில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? விரலை வையுங்கள்." விரல் வைக்க இடமிருந்தால் மேற்கொண்டு கதைக்கலாம். சிரட்டையைப் பற்றிச் சொன்னவர் மூக்கின் மேல் விரலை வைத்தார். வீழ்ச்சியைப் பற்றிச் சொன்னவரின் விரல் காற்றில் நின்றது.

படம் எடுத்தவரிடம் கேட்டால் ஆயிற்றே என்பார்கள் சிலர். கேட்கலாம். ஆனால் எடுத்தவர் நினைத்ததுதான் கடைசித் தீர்ப்பு என்றால், என் பேணிப் படத்தில் எனக்கே தெரியாமல் இருந்ததை அந்தத் தகப்பன் காட்டியிருக்க முடியாது.

படத்தைப் பார்க்கும்போது கண் எங்கே போகிறது? எல்லோருக்கும் ஒரே மாதிரியா?

ஓரளவுக்கு. வெளிச்சமான இடம், முகம், எழுத்து இவற்றுக்குக் கண் தானாக ஓடும். பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை விழுந்துவிட்டால் முன்னால் இருக்கிற செருப்பை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதை விட்டால், மிச்சத்தைத் தீர்மானிப்பது மனதில் இருக்கிற கேள்வி.

இதைக் கண்ணின் அசைவையே பதிவுசெய்து காட்டியவர் ரஷ்ய ஆய்வாளர் அல்பிரட் யார்புஸ். ரேப்பின் என்ற ஓவியரின் படம் ஒன்று: நெடுநாள் காணாமலிருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் வருகிறார். யார்புஸ் அதை ஒரே ஆளிடம் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார். ஆட்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களையே சுற்றியது. குடும்பத்தின் வசதி எப்படி என்றால் உடுப்புக்கும் தளபாடத்துக்கும் போனது. படம் அதேதான், கண் போன பாதைதான் வேறு. அந்த ஆய்வு நூல் 1967இல் ஆங்கிலத்தில் வந்தது.

நாங்கள் இதைக் கருவி இல்லாமலே செய்து பார்த்தோம். ஒரு குசினியின் படம். "வசதியான வீடா?" என்றதும் எல்லோரும் தரையின் டைல்ஸையும் ரைஸ் குக்கரையும் பார்த்தார்கள். "எத்தனை பேர் இருக்கிற வீடு?" என்றால் கோப்பைகளை எண்ணினார்கள். "யார் சமைப்பது?" என்று கேட்டபோது கொஞ்ச நேரம் ஒருவருக்கும் பதில் இல்லை. பிறகு ஒரு பிள்ளை, "உப்புப் போத்தல் மேல்தட்டில இருக்கு சேர். சமைக்கிற ஆள் உயரம்" என்றாள். அந்தப் போத்தல் அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தது.

வெற்றுக் கதிரையைப் பார்த்தால் ஏன் எல்லோருக்கும் "தனிமை" என்று தோன்றுகிறது?

கதிரை ஆளின் உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது. முதுகு இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது. அதனால் ஆள் இல்லாவிட்டால் இல்லாமல் போனது தெரிகிறது. மேசைக்கு அந்தக் கதி இல்லை. செருப்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் உண்டு. இவ்வளவும் சரி.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், யன்னலோரக் கதிரையை எடுத்து "தனிமை" என்று பெயர் வைப்பது அலுத்துப்போன வேலை. மாதத்துக்கு நாலு வருகிறது. ஆள் தேத்தண்ணி ஊற்றப் போயிருக்கலாம் என்று நான் சொன்னால் முகம் சுருங்குகிறது. இலங்கைத் தமிழில் கதிரைக்கு வேறு கனமும் உண்டு. போர்த்துக்கேயரிடமிருந்து வந்த அந்தச் சொல் இன்று பதவியையும் குறிக்கும். தேர்தல் நேரத்தில் ஒரு வெற்றுக் கதிரையைப் படமெடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒருவரும் தனிமையை நினைக்கமாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வாடகைப் பிளாஸ்டிக் கதிரை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுப் படலைக்கு வெளியே, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஆளுயரத்துக்கு நிற்கிற கதிரைகளின் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு பிள்ளை எடுத்தது. அதைப் பார்க்கிற எந்தக் கொழும்பு ஆளும் கேட்கிற முதல் கேள்வி: கலியாண வீடா, செத்த வீடா? உடனே கண் ஓரங்களுக்கு ஓடுகிறது. வாழைமரம் கட்டியிருக்கிறதா, வீதியில் வெள்ளைக் கொடி தொங்குகிறதா, தோரணம் இருந்தால் ஓலையை எப்படி மடித்திருக்கிறார்கள் என்று. படத்தில் இவை ஒன்றும் இல்லை, பிள்ளை ஓரங்களை வெட்டிவிட்டிருந்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டேன், சிரித்தாள். பதில் தெரியாமல் அந்தக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் படத்தின் பலம். எந்த வீடு என்று எனக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

படத்துக்குக் கீழே குறிப்பு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் குறிப்பு செய்கிற வேலை என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஒரு படம் பல பக்கம் இழுபடும். குறிப்பு அதை ஒரு பக்கத்தில் கட்டிப்போடும். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலன் பார்த் 1964இல் இதற்கு வைத்த பெயரே நங்கூரமிடுதல் என்ற பொருளில் வரும்.

சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நிற்கிற 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், குறிப்பு ஒன்றும் இல்லை. லண்டனில் இருக்கிற ஒருவருக்கு அது ஒரு சிலிண்டர். எங்களுக்கு? கீழே "டிசம்பர் 2021" என்று மட்டும் எழுதுங்கள். வீடுகளில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் வந்த நாட்கள், முற்றத்துக்குச் சிலிண்டரை இழுத்துவைத்துவிட்டுப் படுத்தவர்கள் உண்டு. அதை அழித்துவிட்டு "மே 2022" என்று எழுதுங்கள். கேஸ் கிடைக்காத நாட்களின் வரிசை. மனிதர் நிற்க ஏலாமல் சிலிண்டரைத் தங்கள் இடத்தில் நிற்கவைத்து, களவு போகாமல் சங்கிலியால் ஒன்றோடு ஒன்று கட்டிவிட்டுப் போன வரிசை. அதற்குக் கொஞ்சம் முதல், மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஒரு திகதி மாறினதும் அதே இரும்பு வேறு சாமானாகிவிடுகிறது. இவ்வளவுக்கும் குறிப்பில் ஒரு உணர்ச்சிச் சொல்லும் இல்லை.

அதனால் நான் சொல்வது: இடம், திகதி, சாமானின் பெயர். "துயரம்", "எதிர்பார்ப்பு", "காத்திருப்பு" எல்லாம் பார்க்கிறவரின் வேலை, அவரிடம் விட்டுவிடுங்கள். மூன்று பேர் பார்த்தும் படம் விளங்கவில்லையென்றால் படத்தைத் திரும்ப எடுங்கள்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏன் புதுக் கதை பிறக்கிறது?

மனம் சும்மா இராது, இரண்டையும் முடிச்சுப் போடும். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட இயக்குநர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார் என்பது பழைய பாடம். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். சாமானுக்கும் இதே விதி. சிலிண்டர்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விறகுக் கட்டை வையுங்கள், பிறகு ஒரு பிறந்தநாள் கேக்கை வையுங்கள். கண்காட்சியில் படங்களை எந்த ஒழுங்கில் மாட்டுவது என்று நாங்கள் சண்டைபிடிப்பது இதற்காகத்தான்.

நிறத்துக்கு நிலையான அர்த்தம் உண்டா? வெள்ளை என்றால் சமாதானம்தானே?

கொழும்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கக்கூடாது. கொடியில் காய்கிற ஒரு வெள்ளைத் துணியின் படம், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீட்டில் அது சீருடை, நாளைக்குள் காயவேண்டுமே என்ற கவலை. போயா என்ற பௌர்ணமி நாளில் சில் என்ற நோன்பு எடுக்கப் போகிற பௌத்த அம்மாவுக்கு அது பக்தி. முஸ்லிம் நண்பர் ஒருவர் ஹஜ்ஜுக்கு உடுத்துகிற இஹ்ராமைச் சொன்னார், கொஞ்சம் பொறுத்து, இறந்தவரைப் போர்த்துகிற கபன் துணியையும் சொன்னார். எங்கள் ஆட்களில் வயதானவர்களுக்கு விதவைச் சேலை ஞாபகம் வரும். ஒரு வீதியில் இந்த நாலு வீடும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் இது.

அப்புறம் வெள்ளை வான். ஓரமாக நிறுத்திய, யன்னல் கறுத்த, வெள்ளை வான் ஒன்றின் படத்தை வகுப்பில் காட்டினேன். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூட வான் என்றார்கள். பெற்றோரில் ஒருவர் படத்தைத் திருப்பி வைத்துவிட்டார். வெள்ளை வானில் வந்து ஆட்களைக் கடத்திய ஆண்டுகளில் இந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தாலே போதும். பிள்ளைகளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல வகுப்பின் மிச்ச நேரமும் போய்விட்டது.

கறுப்பு வெள்ளையில் போட்டால் ஏன் உடனே "கலை" மாதிரித் தெரிகிறது?

பழக்கம். நெடுங்காலம் காட்சிக்கூடங்களில் தொங்கியது கறுப்பு வெள்ளைதான், வர்ணம் விளம்பரத்துக்கும் குடும்ப அல்பத்துக்கும் என்று இருந்தது. 1976இல் நியூயோர்க் நவீனக் கலைக் காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வர்ணப் படங்களை மாட்டியபோது விமர்சகர்கள் சிலர் கடுமையாகத் திட்டினார்கள். அவர் எடுத்தவை எல்லாம் சாதாரணச் சாமான்கள். அவற்றில் பிரபலமானது சிறுபிள்ளை ஓட்டுகிற மூன்றுசக்கர சைக்கிள் ஒன்று. நிலத்தோடு நிலமாகக் கமராவை வைத்து எடுத்ததால் பின்னால் உள்ள வீடுகளைவிட உயரமாக, ஒரு வாகனத்தின் மிடுக்கோடு நிற்கும்.

எங்கள் ஊரிலும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்த ஒருவர் இருந்தார். லயனல் வென்ட், 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர், பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர். இருட்டறையில் படத்தைக் கழுவும்போது ஒளியை மீண்டும் பாய்ச்சி, விளிம்புகள் கோடுகளாக மாறும் சோலரைசேஷன் முறையில் விளையாடியவர். கொழும்பு 7இல் அவர் பெயரில் உள்ள அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிற பலருக்கு அவர் படம் பிடித்தவர் என்பதே தெரியாது.

காய்கறியிலும் குழாயிலும் முகமும் உடம்பும் தெரிகிறதே, அது படத்தின் அர்த்தமா?

தெரிவது இயல்பு. மனித மூளை முகத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது, இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் போதும். சுவரிலுள்ள பிளக் பொயின்ட்டில் பயந்த முகம், பழைய பஸ்ஸின் முன்பக்கத்தில் கோபக்கார மாமா.

எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைந்த உட்சுவர் வெளிச்சத்தைச் சுற்றிவரப் பரப்பியது. முறுக்கிய முதுகும் தோளும் போல இருக்கும் அந்தப் படத்தில் மிளகாயைப் பார்க்கிறவர்கள் குறைவு. உடம்பு தெரிவதைத் தடுக்க ஏலாது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஈரப்பலாக்காயின் படம் ஒன்றில் எல்லோரும் ஆமையைக் கண்டு சிரித்து முடித்த பிறகுதான், காம்பில் பால் வடிந்து காய்ந்திருப்பதை ஒருவர் கண்டார். அப்போதுதான் ஆய்ந்திருக்கிறார்கள் என்றார். ஆமையைவிட அந்தப் பால் எனக்குப் பிடித்தது.

படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழி மேடாகத் தெரிகிறது. ஏன்?

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் நம்புகிறது. பொளிந்த அம்மியின் படத்தைத் தலைகீழாக்கினால் பள்ளங்கள் எல்லாம் பருக்களாகும். அச்சடிக்கும்போது படத்தைத் திருப்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சாமானைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் படம் எடுத்தால் பொய்யா?

நீங்கள் அதை என்ன என்று சொல்லிக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1936இல் அமெரிக்காவில் கடும் வரட்சி. அரசாங்கத் திட்டம் ஒன்றுக்காகப் படம் பிடித்த ஆர்தர் ரொத்ஸ்ரீன், தென் டகோட்டாவில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி, வெடித்த தரையிலும் புல்லிலுமாகப் பல படங்கள் எடுத்தார். தேர்தல் ஆண்டு வேறு. எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் "மேடைச் சாமான்" என்று பிடித்துக்கொண்டன. வரட்சி உண்மை, மண்டையோடு உண்மை, தரை உண்மை. மூன்றையும் சேர்த்ததை ஆவணம் என்று கொடுத்ததுதான் வில்லங்கம்.

என் பேணியை நான்தான் யன்னலோரம் வைத்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த வீட்டில் பிள்ளையின் செருப்பைச் சேற்றுக்குள் கொண்டுபோய் வைத்து எடுப்பவர் வேறு வேலை செய்கிறார். அப்படி ஒரு படம் வகுப்புக்கு வந்தது. செருப்பின் வார் காய்ந்திருந்தது, சேறு ஈரமாக இருந்தது. கண்டுபிடித்தது பன்னிரண்டு வயதுப் பொடியன்.

விளம்பரப் படங்களை எப்படி வாசிப்பது?

பார்த் 1964இல் எழுதிய அதே கட்டுரை ஒரு பாஸ்தா விளம்பரத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறது. வலைப்பையிலிருந்து தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், பாஸ்தாப் பைக்கற்றுகள் சரிந்து வருகின்றன. இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தது என்கிறது பை. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து இத்தாலி என்கின்றன. அது பிரெஞ்சுக்காரருக்கு இருக்கிற இத்தாலி, அந்த நாட்டவருக்கு அவ்வளவு தெரியாது என்கிறார்.

எங்களுக்குப் பாஸ்தா எதற்கு? தேயிலைப் பைக்கற்றை எடுங்கள். பச்சை மலை, மூடுபனி, கூடையோடு சிரிக்கும் பெண். மலையகத்தில் அட்டன் பக்கத்திலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் கடையொன்றில் வேலை செய்கிற தம்பி ஒருவன் வகுப்புக்கு வருகிறான். பைக்கற்றைப் பார்த்த உடனே, "கூடை வெறுமையா இருக்கு சேர். தலையில கயிறு இழுக்கல, கழுத்து நிமிர்ந்து நிக்குது" என்றான். கொழுந்து பறிக்கும் அம்மாவின் கழுத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு கணம் போதும். பைக்கற் பேசுவது பழைய காலத்து இலங்கையை, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட கதையை. அந்த மலைகளில் வேலை செய்தவர்களில் மிகப்பெரும்பாலோர் 1948இல் குடியுரிமை இழந்தது அட்டைப்பெட்டியில் வராது. ஆனால் தளர்ந்த கயிறு வந்துவிட்டது, அதை எடுத்தவர்கள் கவனிக்கவில்லை.

இறந்துபோனவர்களின், காணாமல் போனவர்களின் சாமான்களைப் படம் பிடிக்கலாமா?

வீட்டில் உள்ளவர்கள் சரி என்றால் பிடிக்கலாம். எப்படிப் பிடிப்பது என்பதில் நான் கண்டிப்பு. பக்கவாட்டு வெளிச்சம், நீண்ட நிழல், மங்கிய பின்னணி ஒன்றும் வேண்டாம். நேரே, முழுச் சாமானும் தெரிய, பக்கத்தில் ஒரு அடிமட்டம்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்துப் புதைகுழியைத் தோண்டியபோது எலும்புகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று வந்தது. யுனிசெப் பெயர் உள்ள பை. அந்த ஆகஸ்டில் நீதிமன்ற உத்தரவின்படி, கிடைத்த பொருட்களை மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். பையின் படம் அதற்கு முதலே எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. வகுப்பில் அதை நான் காட்டவில்லை, அவர்களே பேச்சை எடுத்தார்கள். வடக்கில் படித்த ஒரு தாய், "எனக்கும் அதே பை தந்தவை. வார் இந்தப் பக்கம் பிஞ்சு போகும்" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். அந்தப் படத்தை யாராவது அழகாக எடுத்திருந்தால், நிழலுக்குள் வார் மறைந்திருந்தால், அவரால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அப்படியான படத்தைத் தேடிப் பார்க்கிறவர் அழகைத் தேடி வருவதில்லை. ஒரு தையலை, ஒரு பொத்தானை, கையால் எழுதிய பெயரைத் தேடி வருகிறார்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் நாங்கள் அனுப்புகிற படத்தில் வேறு எதையோ பார்க்கிறார்களே?

பார்க்கத்தான் செய்வார்கள். புதுப் பிரிட்ஜ் வாங்கினோம் என்று டொரொன்டோ மாமிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பதில் வந்தது: "என்னடா, தண்ணி வெட்டோ?" பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மூன்று வாளி நிரப்பி வைத்திருந்தது எனக்குக் கண்ணிலேயே படவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் வாளியில் பிடித்துவைத்துப் பழகியவருக்கு வாளிதான் முதலில் தெரிந்தது.

வீட்டில் இருந்தே பழக ஏதும் வழி உண்டா?

உண்டு, செலவில்லை. வீட்டில் தினமும் புழங்குகிற ஒரு சாமானை எடுங்கள். வெறும் சுவருக்கோ வெள்ளைத் தாளுக்கோ முன்னால் வையுங்கள். அமெரிக்கப் படப்பிடிப்பாளர் வோக்கர் எவன்ஸ் 1955இல் போர்ச்சூன் சஞ்சிகைக்குக் குறடு, மேசன் கரண்டி, ஸ்பானர் போன்றவற்றை இப்படித்தான் எடுத்தார். வெறும் பின்னணி, ஒரு சாமான், ஜோடனை இல்லை. பிறகு அச்சடித்து, ஒன்றும் சொல்லாமல் ஐந்து பேரிடம் காட்டுங்கள். ஒருவர் உங்களைவிட முப்பது வயது கூடியவராகவும், ஒருவர் உங்கள் மொழி பேசாதவராகவும் இருந்தால் நல்லது. என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் விரல் வைத்தார்கள் என்று படத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். "நைஸ்" என்று சொன்னவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் காட்டுங்கள்.

படத்தோடு சனிக்கிழமை வாருங்கள். தும்புத்தடி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பதினொன்று கிடக்கிறது.